பிடிவாதமும் ஓர்மமும்



எங்கள் ஊர்ப் பேச்சிலே ஒரே குணத்துக்கு எத்தனை பெயர்கள் இருக்கின்றன என்று எப்போதாவது எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? பிடிவாதம், அடம், முரண்டு, வீம்பு, விடாப்பிடி, வைராக்கியம், ஓர்மம். 'நான் நினைத்ததிலிருந்து அசையமாட்டேன்' என்கின்ற நிலையைத்தான் இவை எல்லாம் குறிக்கின்றன. ஆனால் யாரைப் பார்த்து எந்தச் சொல்லைச் சொல்கிறோம் என்பதில் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. ஆண்பிள்ளை ஒருவன் நினைத்ததைச் செய்து முடித்தால் அவன் ஓர்மக்காரன். பெண்பிள்ளை அதையே செய்தால் ராங்கிக்காரி. குடும்பத்துப் பெரியவர் சொன்ன சொல்லில் நின்றால் அவர் வாக்குத் தவறாதவர். கணவனை இழந்த பெண் சொன்ன சொல்லில் நின்றால் 'கேட்க ஆளில்லாத திமிர்' என்று படலைக்கு வெளியே நின்று கதைப்பார்கள்.

களுதாவளை, தேற்றாத்தீவு, களுவாஞ்சிகுடிப் பக்கங்களில் பெண்களோடு கூடியிருந்து கதைக்கும்போது, கூட்டம் முடிந்து மற்றவர்கள் எழும்பிப் போன பிறகு யாராவது ஒருவர் கிட்ட வந்து மெதுவாகக் கேட்பார். "மிஸ், நான் பிடிவாதக்காரியா?" மறுமணம் வேண்டாம் என்று சொன்னதற்காக அப்படிப் பெயர் வாங்கியவரும் உண்டு. மறுமணம் செய்யப் போகிறேன் என்று சொன்னதற்காக அதே பெயரை வாங்கியவரும் உண்டு. மகளை உயர்தரம் படிக்க வைப்பேன் என்றவர், வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போகமாட்டேன் என்றவர், காணாமற்போன கணவருக்கு மரணச் சான்றிதழ் எடுக்கமாட்டேன் என்றவர் என்று இந்தப் பட்டியல் நீளமானது. ஆகவே இந்த மாதம் இந்தக் குணத்தைப் பற்றியே கொஞ்சம் விரிவாகப் பேசுவோம்.

பிள்ளையின் முதல் 'மாட்டேன்'

பிடிவாதம் எங்கே தொடங்குகிறது? இரண்டு வயதுப் பிள்ளை ஒன்றைப் பாருங்கள். சோறு தீத்தப் போனால் தானே சாப்பிடுவேன் என்று கோப்பையை இழுக்கும். சட்டை போடப் போனால் மாட்டேன் என்று ஓடும். எரிக் எரிக்சன் என்ற உளவியல் அறிஞர் 1950இல் வெளியிட்ட தமது நூலில் மனித வாழ்வை எட்டுப் பருவங்களாகப் பிரித்தார். அதில் இரண்டாவது பருவம் இது. தன் கை, தன் கால், தன் விருப்பம் என்பவை தனக்கே சொந்தம் என்று பிள்ளை கண்டுபிடிக்கும் காலம். இந்த நேரத்தில் பிள்ளையின் விருப்பத்துக்கு அளவான இடம் கிடைத்தால் அது தன்னை நம்பும் மனிதனாக வளரும். எதற்கெடுத்தாலும் அடித்து, ஏசி, வெட்கப்படுத்தினால் தன்னிலேயே சந்தேகம் கொண்ட மனிதனாக வளரும் என்பது அவருடைய கருத்து.

போரைக் கண்ட வீடுகளில் இது இன்னும் சிக்கலாகிறது. பயத்தோடு வாழ்ந்த தாய்க்குப் பிள்ளை சொன்னவுடன் கேட்க வேண்டும். 'படு' என்றால் படுக்க வேண்டும், 'ஓடு' என்றால் ஓட வேண்டும். அன்று அது உயிரைக் காப்பாற்றிய பழக்கம். ஆனால் துவக்குச் சத்தம் ஓய்ந்த பிறகும் அதே குரலில் பிள்ளைகளை வளர்க்கிறோம். அப்படி வளர்ந்தவர்கள் இன்று தாய்மாராகவும் இருக்கிறார்கள். பிள்ளை அடம்பிடித்தால் இரண்டு வழி காட்டி ஒன்றைத் தெரியச் சொல்லுங்கள். 'நீலச் சட்டையா, பச்சைச் சட்டையா?' என்று கேட்டால் சட்டை போடுவது உங்கள் முடிவு, நிறம் பிள்ளையின் முடிவு. சண்டை பாதியாகக் குறையும். பிள்ளைக்குத் தெரிவு செய்யவும் பழகும்.

யாருடைய பிடிவாதம் கண்ணில் படுகிறது?

சமூகவியல் படிக்கும் எவரும் முதல் வருடத்திலேயே சந்திக்கும் பெயர் ஜேர்மனிய அறிஞர் மக்ஸ் வேபர் (1864 - 1920). மற்றவர்கள் எதிர்த்து நின்றாலும் தன் விருப்பத்தை நிறைவேற்றிக்கொள்ளக்கூடிய வாய்ப்பையே அவர் அதிகாரம் என்று விளக்கினார். இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அதிகாரம் உள்ளவர்களும் தங்கள் விருப்பத்தில் உறுதியாகத்தான் நிற்கிறார்கள். ஆனால் அவர்களுடைய உறுதிக்கு 'முடிவு', 'சட்டம்', 'வழமை' என்று பெயர் இருக்கிறது. அதிகாரம் இல்லாதவள் ஒரு முடிவு எடுத்தால் அதற்குத்தான் பிடிவாதம் என்று பெயர் வைக்கப்படுகிறது.

இதற்கு எங்கள் மாவட்டத்திலேயே நல்ல உதாரணம் உண்டு. மட்டக்களப்பில் தாய்வழிக் குடிமுறை பழைய காலத்திலிருந்தே இருந்து வருகிறது. வீடும் வளவும் மகளுக்குச் சீதனம். மணமகன்தான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அடுத்த மகளுக்கு வீடு கட்டித் தாய் தகப்பன் அங்கே போய்விடுவார்கள். தமிழ்க் குடும்பங்களிலும் முஸ்லிம் குடும்பங்களிலும் இந்த வழக்கத்தைக் காணலாம். எவ்வளவு குறை இருந்தாலும், 'இது என்ட வீடு' என்று சொல்லும் உரிமை எங்கள் அம்மம்மாமாருக்கு இருந்தது.

26.12.2004 அன்று கடல் வந்தது. நாவலடி, கல்லடி, கல்லாறு என்று கரையோரம் முழுவதும் பெண்களின் சீதன வீடுகள் அழிந்தன. பிறகு புதிய வீடுகள் கொடுக்கப்பட்டபோது பல இடங்களில் 'குடும்பத் தலைவர்' என்ற பெட்டிக்குள் கணவரின் பெயர் எழுதப்பட்டது. இழந்தது மனைவியின் வீடு, கிடைத்தது கணவரின் வீடு! இதைக் கேட்ட பெண்களுக்குக் கிடைத்த பட்டம் என்னவென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் மட்டக்களப்பிலே இயங்கிய பெண்கள் அமைப்புகள் விடவில்லை. கூட்டங்களில் எழும்பிக் கேட்டார்கள், மனுக்கள் எழுதினார்கள், காணி உரிமை பெண்ணின் பெயரிலோ இருவர் பெயரிலுமோ இருக்க வேண்டும் என்று வாதாடினார்கள். எல்லா இடமும் வெற்றி கிடைக்கவில்லை. ஆனால் 'குடும்பத் தலைவர் என்றால் ஆண்தானா?' என்ற கேள்வி அலுவலகங்களுக்குள்ளே புகுந்துவிட்டது.

படுவான்கரையில் அனுமதிப்பத்திரக் காணி வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்கும். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில், பின்னுரித்தாளர் பெயரிடப்படாத காணிக்கு உரிமை கோருவதில் மகளை விட மகனுக்கே முதலிடம் இருந்தது. பெண்கள் அமைப்புகள் பல ஆண்டுகளாகச் சுட்டிக்காட்டிய இந்தப் பாகுபாடு 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் நீக்கப்பட்டது. 87 வருடங்கள்! சட்டத்தின் பிடிவாதம் அவ்வளவு நீளமானது. அதை அசைப்பதற்குப் பெண்களுக்கும் அதே அளவு விடாப்பிடி தேவைப்பட்டது.

கண்ணகியின் கையில் இருந்தது என்ன?

வைகாசி பிறந்தால் எங்கள் ஊர்களில் கண்ணகை அம்மன் கோயில் கதவுகள் திறக்கும். செட்டிபாளையத்திலும் ஏனைய ஊர்களிலும் வழக்குரை படித்து, குளிர்த்தி பாடிச் சடங்கை முடிப்பார்கள். இந்தக் கதையைச் சிறு வயதிலிருந்தே கேட்டு வந்திருக்கிறோம். பிடிவாதம் என்ற கண்ணோடு மறுபடி கேட்டுப் பாருங்கள்.

கண்ணகியின் முதல் 'மாட்டேன்' மதுரையில் இல்லை, புகாரிலேயே வருகிறது. கணவன் பிரிந்து போன காலத்தில், குளங்களில் நீராடிக் காமவேளைத் தொழுதால் அவன் திரும்பி வருவான் என்று தோழி தேவந்தி சொல்கிறாள். அது தனக்குப் பெருமை தரும் செயல் அல்ல என்று கண்ணகி மறுத்துவிடுகிறாள். அழுது கொண்டிருந்த பெண்தான். ஆனால் எதைச் செய்யமாட்டேன் என்பதில் தெளிவு இருந்தது.

இரண்டாவது 'மாட்டேன்' பாண்டியன் சபையில். என் கணவன் கள்வன் என்பதை ஏற்கமாட்டேன் என்று நிற்கிறாள். இங்கே கவனிக்க வேண்டிய விஷயம், அவள் கண்ணீரோடு மட்டும் போகவில்லை. கையில் சிலம்பு இருந்தது. அரசியின் சிலம்பில் முத்து, தன் சிலம்பில் மாணிக்கம் என்று சொல்லி உடைத்துக் காட்டினாள். அரசனை வீழ்த்தியது அவளுடைய கோபம் மட்டுமல்ல, ஆதாரமும்தான்.

மூன்றாவது கட்டம் தீ. நீதி தவறிய அரசன் இறந்த பிறகும் நகரம் எரிகிறது. முதியவரையும் குழந்தைகளையும் பத்தினிப் பெண்களையும் பசுக்களையும் விட்டுவிடச் சொல்லித்தான் தீயை ஏவினாள் என்று காப்பியம் சொல்கிறது. ஆனாலும் எங்கள் முன்னோர்கள் கதையை அங்கே முடிக்க விரும்பவில்லை. கொதித்து வந்த அவளைக் குளிர்விக்காமல் ஊருக்கு நன்மை வராது என்று குளிர்த்திச் சடங்கை வைத்தார்கள். அதற்குள்ளே ஒரு பெரிய வாழ்க்கைப் பாடம் இருப்பதாக எனக்குப் படுகிறது. நீதிக்காக நின்ற ஓர்மத்தை அவர்கள் கும்பிட்டார்கள். அது எரிக்கும் சூடாகவே இருந்துவிடக் கூடாது என்றும் கவலைப்பட்டார்கள்.

உலக்கையும் படகும்

கதையை விட்டு எங்கள் காலத்துக்கு வருவோம். 1984இல் யாழ்ப்பாணத்தில் இளைஞர்கள் கூட்டமாகக் கைது செய்யப்பட்டபோது தாய்மார் ஒன்றுதிரண்டு அரசாங்க அதிபரிடம் ஊர்வலமாகப் போனார்கள். அன்னையர் முன்னணி அப்படித்தான் பிறந்தது. 1986இல் இயக்கங்கள் ஒன்றையொன்று அழிக்கத் தொடங்கிய வேளையில், மட்டக்களப்புத் தாய்மார் உலக்கைகளோடு வீதிக்கு இறங்கிப் பிள்ளைகளின் கொலையைத் தடுக்க நின்றார்கள். யாருடைய பிள்ளை, எந்த இயக்கம் என்று அவர்கள் பார்க்கவில்லை. 1988 மார்ச் 19இல் அன்னை பூபதி மாமாங்கேஸ்வரர் ஆலய முன்றலில், இந்தியப் படையினர் போரை நிறுத்திப் பேச வேண்டும் என்று உண்ணாநோன்பைத் தொடங்கி, ஏப்ரல் 19இல் உயிர் நீத்தார். அந்தத் தாயை நினைத்துத் தலைவணங்குகிறேன். ஆனாலும் இதை வாசிக்கும் எந்தச் சகோதரியிடமும் உயிரைக் கொடு என்று கேட்க எனக்கு மனம் வராது. இந்த மண்ணில் கொடுத்த உயிர்கள் போதும். உயிரோடு இருந்து காரியத்தை முடிக்கும் ஓர்மத்தைப் பற்றியே நாங்கள் இனிப் பேச வேண்டும்.

அப்படி ஒன்று இரணைதீவில் நடந்தது. 1992இல் அந்தத் தீவை விட்டு வெளியேறிய மீனவக் குடும்பங்கள் முழங்காவில் பக்கம் இரணைமாதா நகரில் தங்கியிருந்தார்கள். போர் முடிந்தும் கடற்படை இருந்ததால் ஊர் திரும்ப முடியவில்லை. 01.05.2017இல் போராட்டம் தொடங்கினார்கள். பெண்கள் முன்னுக்கு நின்றார்கள். வாக்குறுதிகள் வந்தன, நாட்கள் போயின. 23.04.2018 அன்று வெள்ளைக் கொடிகளைக் கட்டிக்கொண்டு படகுகளில் ஏறித் தங்கள் தீவுக்கே போய் இறங்கிவிட்டார்கள். கல்லெறியவில்லை, யாரையும் ஏசவில்லை. இறங்கிய இடத்தில் இருந்தார்கள். அதன் பிறகுதான் அங்கே தங்கியிருக்கச் சம்மதம் கிடைத்தது.

உலகத்தின் மறுகோடியிலும் இப்படிப்பட்ட தாய்மார் உண்டு. ஆர்ஜென்ரீனாவில் இராணுவ ஆட்சி பிள்ளைகளைக் கடத்திய காலத்தில், 30.04.1977 அன்று 14 தாய்மார் தலைநகரின் மே சதுக்கத்தில் கூடினார்கள். கூட்டமாக நிற்கத் தடை இருந்தது. 'நிற்காமல் நடவுங்கள்' என்று பொலிஸ் சொன்னது. சரி என்று சதுக்கத்தைச் சுற்றி நடக்கத் தொடங்கினார்கள்! வாராவாரம் வியாழக்கிழமைகளில், தலையில் வெள்ளைத் துணியோடு, ஆண்டுக்கணக்காக நடந்தார்கள். பறிக்கப்பட்ட பேரப்பிள்ளைகளைத் தேடிய பாட்டிமார் மரபணுப் பரிசோதனையின் உதவியோடு 130க்கும் மேற்பட்டவர்களைக் கண்டுபிடித்தார்கள். நிற்க விடாவிட்டால் நடப்போம் என்று வழியை மாற்றினார்கள். கேள்வியை மாற்றவில்லை. நல்ல பிடிவாதத்தின் அடையாளம் இதுதான் என்று நினைக்கிறேன்.

தன்னையே சுடும் பிடிவாதம்

எல்லாப் பிடிவாதமும் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. திருக்குறளில் வினைத்திட்பம் என்று ஓர் அதிகாரம் வைத்து மன உறுதியைப் புகழ்ந்த வள்ளுவர், புல்லறிவாண்மை என்ற அதிகாரத்தில் சொன்னாலும் கேளாமல் தானாகவும் தெளியாமல் இருப்பவரை ஒரு நோய்க்கு ஒப்பிடுகிறார். வேலிக் கதியால் ஒன்றுக்காகப் பத்து வருடம் கதையாமல் இருக்கும் அக்கா தங்கைகளை எங்கள் ஊர்களில் காணலாம். முதலில் யார் கதைப்பது என்ற ஒரு வீம்புதான் மிச்சமிருக்கும். கதியால் எப்போதோ உக்கிப் போயிருக்கும்.

இன்னொரு சம்பவம். அடையாளம் தெரியாதபடி சொல்கிறேன். 1990இல் பிடித்துக்கொண்டு போகப்பட்ட கணவரைத் தேடும் ஒரு தாய். அந்த வருடம் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக முகாமிலிருந்து மட்டும் செப்டெம்பர் 5ஆந் திகதி 158 பேர் கொண்டு செல்லப்பட்டார்கள். அப்படிப்பட்ட காலம் அது. ஓர் அலுவலகத்தில் மரணச் சான்றிதழ் எடுத்தால் காரியம் சுலபம் என்றார்கள். "அவர் செத்துட்டார் எண்டு என்ட கையால எழுதித் தரச் சொல்றாங்க மகள். என்ட உசிர் இருக்கும் வரைக்கும் எழுத மாட்டன்" என்றார். அவருடைய மகளுக்கோ கலியாணம் பேசியிருந்தது. வயல் தகப்பன் பெயரில் இருந்தது. "அம்மாட பிடிவாதத்தால என்ட வாழ்க்கை போகுது" என்று மகள் அழுதாள்.

இதில் யார் பிழை? இருவரையும் ஒன்றாக இருத்தி, இருப்பதை எல்லாம் ஒரு தாளில் எழுதினோம். வயல் தகப்பனுடையது. வீட்டு வளவோ தாய்க்குத் தாய்வழி வந்தது, உறுதி அவர் பெயரில் இருந்தது. அதை மகளுக்கு எழுதுவதற்கு யாருடைய மரணச் சான்றிதழும் தேவையில்லை. தாயின் கவலை தன் கணவரைச் சாகடிக்கக் கூடாது என்பது. மகளின் கவலை தனக்கு ஓர் இடம் வேண்டும் என்பது. இரண்டும் முட்டாத ஒரு வழி பக்கத்திலேயே இருந்தது. வளவு மகளுக்கு எழுதப்பட்டது. வயல் இன்னும் அவருடைய பெயரிலேயே இருக்கிறது. பிள்ளைகள் செய்கை பண்ணுகிறார்கள்.

இதே நிலையில் உள்ளவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம், மரணச் சான்றிதழ் எடுக்காமலே, ஆளைக் காணவில்லை என்று உறுதிப்படுத்தும் ஒரு சான்றிதழைப் பெற வழி செய்துள்ளது. நலன்புரி உதவிகளுக்கு விண்ணப்பிக்கவும் காணாமற்போனவரின் சொத்துகளைப் பராமரிக்கவும் அது உதவும். தேடும் உரிமையை அது பறிக்காது. எடுப்பதா விடுவதா என்பது உங்கள் விருப்பம். ஆனால் கையெழுத்து வைப்பதற்கு முன், தாளில் எழுதியிருப்பதை ஒருவரிடம் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். சட்ட உதவி ஆணைக்குழுவில் ஆலோசனை பெறலாம்.

எங்களையே கேட்க நான்கு கேள்விகள்

உங்களை யாராவது பிடிவாதக்காரி என்று சொன்னால் உடனே கோபப்படவும் வேண்டாம், உடனே விட்டுக்கொடுக்கவும் வேண்டாம். தனியே இருந்து நான்கு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

ஒன்று, நான் எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்? ஓர் உரிமையையா, ஒரு மனிதரின் நினைவையா, அல்லது 'நான் தோற்கக் கூடாது' என்பதை மட்டுமா? கொம்புமுறி விளையாட்டில் வடசேரியும் தென்சேரியும் இழுத்து ஒரு கொம்பு முறிந்தால்தான் ஆட்டம் முடியும். வீட்டுக்குள்ளே அப்படி இழுத்தால் முறிவது பிள்ளைகள்தான்.

இரண்டு, என் கையில் சிலம்பு இருக்கிறதா? அதாவது உறுதி, அடையாள அட்டை, பதிவுச் சான்றிதழ், முறைப்பாட்டின் பிரதி, கடிதம் கொடுத்த திகதி. எல்லாவற்றையும் பிரதி எடுத்து ஒரு பொலித்தீன் பைக்குள் வையுங்கள். ஆதாரத்தோடு கேட்பவளை யாரும் இலகுவாக ஏசி அனுப்ப முடியாது.

மூன்று, புதிதாக ஒன்று தெரிய வந்தால் வழியை மாற்ற எனக்கு மனம் இருக்கிறதா? களுதாவளையின் வெற்றிலைத் தோட்டங்களைப் பாருங்கள். கொடி மேலே ஏறுவதை விடுவதில்லை. ஆனால் நட்ட கம்பு எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் வளைந்துதான் ஏறுகிறது.

நான்கு, இதன் விலையை யார் கொடுக்கிறார்கள்? நான் கொடுத்தால் அது என் முடிவு. என் பிள்ளை கொடுப்பதென்றால் அந்தப் பிள்ளையிடமும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

இந்த நான்குக்கும் மனச்சாட்சியோடு பதில் சொன்ன பிறகும் உங்கள் மனம் 'மாட்டேன்' என்றே நின்றால், நில்லுங்கள். தனியே நிற்க முடியாவிட்டால் மாதர் சங்கத்தில் சொல்லுங்கள், அயலில் உள்ள இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள். உங்கள் அனுபவங்களை எங்களுக்கும் எழுதி அனுப்புங்கள். பெயர் போடத் தேவையில்லை.

அடுத்த இதழில் சந்திப்போம்.